இடப்பக்கம் பொத்தான் வைத்த சட்டை

என் கொழுந்தன் எனக்கு நாத்தனார் ஆகிச் சில வருடங்கள் ஆகின்றன. உறவுமுறையில் இப்படியும் ஒரு மாற்றம் வரும் என்று கல்யாணத்தின்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வந்தபோது சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாள் தூக்கமும் வரவில்லை. ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது என் வாய்தான். இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு அது. ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு “தம்...” என்று ஆரம்பித்துவிட்டேன். சட்டென்று உறைத்தது. ஆரம்பித்த சொல்லை எங்காவது கொண்டுபோய் இறக்கியாக வேண்டுமே. “...தங்கம், இந்த டப்பா மூடியக் கொஞ்சம் திறந்து குடு” என்று முடித்தேன்.

அவள் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, “நல்லா சமாளிச்சீங்க அண்ணி” என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். “அதே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு” என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் தங்கம்.

என் வீட்டுக்காரர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். அவர் குழாய் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார், தம்பியாகப் பிறந்ததைத் தங்கை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, தம்பி என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் ஆளையே விட்டுவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொண்டார். “வந்தாச்சா?” “சாப்பிட்டாச்சா?” “படுத்தாச்சா?” யார் வந்தது, யார் படுத்தது என்று சொல்லவே மாட்டார். நம்முடைய மொழியில் இப்படி ஒரு சந்து இருப்பதே அவரால்தான் எனக்குத் தெரிந்தது.

தங்கத்தின் தொழில் கிரேன் ஓட்டுவது. அடுக்குமாடிக் கட்டடங்களை எழுப்பும் இடங்களில் ஒற்றைக் காலில் நிற்குமே ஒரு இரும்புக் கொக்கு, அதன் தலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள்தான் அவள் உட்கார்ந்திருப்பாள். காலையில் சாப்பாட்டுத் தூக்கை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினால், சாயங்காலம்தான் இறக்கம். கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் சொல்லுவார்: “கொஞ்சம் வலது, கொஞ்சம் இறக்கு, நிறுத்து.” மேலே அவள் விரலசைத்தால் டன் கணக்கில் இரும்பு காற்றில் நகரும். ஒருதரம் நான் போய்ப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது. கூண்டு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. நான் ஓட்டல் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை பார்ப்பவள். எங்கள் இடம் தரைக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே. ஒரே வீட்டில் ஒருத்தி பாதாளத்துக்கும் இன்னொருத்தி வானத்துக்கும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம்.

அந்தக் கூண்டுக்குள் அவள் ஒரு சின்ன டப்பா வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. காதில் துளையில்லாமலேயே கவ்விக்கொள்ளும் ஒரு ஜோடி கம்மல், ஒரு உதட்டுச் சாயம், உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. காலையில் ஏறியதும் கதவைச் சாத்தி, முதலில் கம்மலை மாட்டுவாளாம். அதற்கப்புறம்தான் மோட்டாரைத் தொடுவாளாம். சாயங்காலம் இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றி, உதட்டைத் துடைத்து, டப்பாவை இருக்கைக்கு அடியில் சொருகிவிட்டு, மீசையோடு கீழே வருவாளாம். “அவ்வளவு உசரத்துல காக்கா கூட எட்டிப் பாக்காது அண்ணி” என்றாள் பின்னாளில். வருடக்கணக்காக அவள் முழு ஆளாக வாழ்ந்தது அந்தக் கூண்டுக்குள் மட்டும்தான்.

ஒருநாள் மத்தியானம் எதிர்பாராத காற்று, கூடவே மழை. அந்த மாதிரிக் காற்றில் கிரேனின் நீண்ட கையைப் பிடித்து வைக்கக் கூடாதாம். பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும். எதிர்த்து நின்றால்தான் ஆபத்து. அவள் அப்படியே விட்டுவிட்டாள். ஆனால் இறங்க முடியவில்லை. ஏணியில் கால் வைத்தால் ஆளையே பிய்த்துக்கொண்டு போகும் காற்று. கூண்டு ஊஞ்சல் போல ஆடியது. கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காதில் கம்மலோடு.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். அடுப்படி வாசலில் நனைந்து நின்றாள். காதில் கம்மல். மீசையும் இருந்தது.

“கீழ விழுந்திருந்தா இப்படியேதான் எடுத்திருப்பாங்கன்னு தோணுச்சு அண்ணி. அப்பாடான்னு இருந்துச்சு. செத்தாதான் நிம்மதின்னு ஒருத்திக்குத் தோணுதுன்னா, அது காத்தோட தப்பு இல்லையே. அதான் கழட்டாமலே இறங்கிட்டேன்.”

“கீழ யாரு பாத்தாங்க?”

“சிக்னல்காரர் பாத்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு.”

நான் துண்டை எடுத்து நீட்டினேன். ‘ஒருத்திக்கு’ என்று அவள் சொன்னது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

வேலையிலிருந்து யாரும் அவளை விரட்டவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். “அடுத்த சைட்டுக்குக் கூப்பிடறோம்” என்றார்கள். கூப்பிடவில்லை. மீசை போனது, முடி வளர்ந்தது, மருத்துவரிடம் போய்வந்தாள், அடையாள அட்டையில் பெயரையும் படத்தையும் மாற்றினாள். வேலை மட்டும் எங்கே கேட்டாலும் இல்லை. கடைசியில் என்னோடு சலவைப் பகுதிக்கே வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை படுக்கை விரிப்பு வரும் என்று எண்ணினால் தலை சுற்றும். நானும் அவளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, மடித்து, அடுக்குவோம். ஜன்னல் கிடையாது. குழல்விளக்கு மட்டும். வானத்தில் வேலை பார்த்தவள் அங்கே ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை. விரிப்பின் மூலையை மூலையோடு சேர்ப்பதில் மட்டும் ஒரு மயிரிழை பிசகினாலும் மறுபடி உதறச் சொல்லுவாள். “இது என்ன ஆஸ்பத்திரி ஆபரேஷனா?” என்று நான் கடுப்பாவேன்.

துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது அங்கே இருக்கும்போதுதான். சரக்குப் பெட்டிகளை இறக்கி ஏற்றும் கிரேன்களுக்கு ஆட்கள் வேண்டும், விண்ணப்பித்தவர்கள் நேர்காணலுக்கு வரலாம் என்று போனில் செய்தி. பேச்சும் உண்டு, அன்றே மேலே ஏறி ஓட்டியும் காட்ட வேண்டும். தங்கம் செய்தியைப் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். நானும் படித்தேன். இருவருக்கும் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்.

“என்ன போட்டுக்கறது?”

கேட்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுவதும் வேறு பேச்சே இல்லை. அவளிடம் நீல நிறத்தில் ஒரு நீளப் பாவாடை இருந்தது. பார்க்க அம்சமாக இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காரலாம். ஏணியில் ஏறினால் கால் தடுக்கிக் கீழே நிற்பவர் தலையில்தான் விழ வேண்டும். கால்சட்டை போட்டால் ஏறலாம். ஆனால் பேசும் அறைக்குள் நுழைந்ததும், “இவன் ஏதோ முடி வளர்த்த பையன்” என்று எவராவது முடிவுகட்டிவிட்டால்? மேலே ஏறுவதற்குத் தோதாகவும் இருக்க வேண்டும், கீழே உட்காரும்போது யார் என்று தெரியவும் வேண்டும். அப்படி ஒரு உடுப்பை எந்தக் கடைக்காரன் தைத்து வைத்திருப்பான்?

இன்னொரு சிக்கல் அவளுடைய கிரேன் உரிமம். மற்றதெல்லாம் மாறியிருந்தது, அது இன்னும் மாறவில்லை. மாற்றச் சொல்லிக் கொடுத்த மனு கிடப்பில் கிடந்தது. கையிலிருந்த பழைய அட்டையில் மீசை வைத்த, கண்ணை உருட்டிப் பார்க்கும் ஓர் ஆளின் படம். என் வீட்டுக்காரர் அந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஆளைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஒரே ஒரு நாள்தானே. பழைய சட்டை இருக்கு, பேன்ட் இருக்கு. முடிய உள்ள சொருகிட்டா படமும் ஆளும் ஒத்துப்போகும். வேலை கைக்கு வந்ததுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலைக்கு அலைந்து திரும்பிய ஒவ்வொரு நாளும் அவளுடைய முகத்தை அவரும்தான் பார்த்திருந்தார். தங்கம் எழுந்து உள்ளே போனாள். பெட்டிக்கு அடியிலிருந்து பழைய கட்டம்போட்ட சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

நான் இதை எப்படிச் சொல்வது. சட்டை பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தோள் இரண்டும் முன்னால் சரிந்துவிட்டன. நிற்கிற விதமே மாறிவிட்டது. “சரியா இருக்கா?” என்று கேட்டாள், குரல் எங்கோ கிணற்றுக்கடியிலிருந்து வந்தது. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று அப்போதுதான் நினைத்தேன். பழைய தம்பி எப்போதும் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தார், இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதை அவருடைய சுபாவம் என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவள் கையை நீட்டி விரல்களைப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் நேராகச் சொன்னாள்.

“ஏறிடுவேன். ஆனா இதப் போட்டுக்கிட்டு ஏறினா பாதி மூளை சட்டை மேலயே இருக்கும். யாரு பாக்கறாங்க, எப்படி உக்காந்திருக்கேன், குரல் மாறிடுச்சான்னு. கொக்கியில பாரம் தொங்கும்போது கீழ ஆளுங்க நிப்பாங்க. அப்போ எனக்கு முழு மூளையும் வேணும்.”

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். நியாயம், சுதந்திரம் என்று நான் எவ்வளவு பேசியிருந்தாலும் அவர் அசைந்திருக்கமாட்டார். இது வேலைக்காரர் வேலைக்காரரிடம் சொன்ன பேச்சு. அதுவும் பாதுகாப்புப் பேச்சு. “அப்ப சரி” என்றார். அட்டையை மேசைமேல் வைத்தார். “படத்தப் பத்திக் கேட்டா நேராச் சொல்லிட வேண்டியதுதான்.”

மறுநாள் நான் சலவைப் பகுதியில் ஒரு சட்டை எடுத்து வைத்தேன். திருட்டு இல்லை, யாரும் கேட்டு வராமல் கிடந்து, மேலாளரே பிரித்துக்கொள்ளச் சொன்ன துணிகளில் ஒன்று. பெண்களுக்கான வெட்டு, பால்நிறம், தடித்த பருத்தி. தோளில் கொஞ்சம் பிரித்து விட்டேன், இடுப்பில் கொஞ்சம் பிடித்தேன். கீழே கறுப்புக் கால்சட்டை, இடுப்புப் பட்டியை மாற்றித் தைத்தது. போட்டுப் பார்த்தாள். பொத்தான் போடத் திணறினாள்.

“என்ன அண்ணி, கை சுத்தமா வரல?”

“ஆம்பளைச் சட்டையில பொத்தான் வலப்பக்கம். பொம்பளைச் சட்டையில இடப்பக்கம். உனக்கு அது கூடத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாது. எடுத்த துணிகளெல்லாம் தலைவழியாகப் போடுபவை. குனிந்து அந்தப் பொத்தான் வரிசையை ஏதோ அதிசயத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சலவையில் ஆயிரக்கணக்கில் சட்டை பார்த்தவள் நான். எந்தப் பொத்தானும் என்னை அப்படிப் பார்க்கவைத்ததில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். விரலுக்குப் பழகும்வரை விடவில்லை.

காலணிதான் கிடைக்கவில்லை. அவளுடைய பாதத்துக்குப் பெண்கள் காலணி செய்ய இன்னும் யாரும் முன்வரவில்லை. இரும்புமுனை வைத்த பழைய கனத்த பூட்ஸையே பளபளவென்று துடைத்து வைத்தோம். முகத்துக்குப் பவுடர் எவ்வளவு என்பதில் பெரிய சண்டை. கம்மியாகப் போட்டால் தாடி மழித்த நிழல் தெரிகிறது, ஜாஸ்தியானால் நாடகத்துக்குப் போவது போல இருக்கிறது. கொண்டைக்கு இன்னொரு சோதனை. தலைக்கவசம் போடச் சொல்லுவார்கள். கொண்டை உச்சியில் இருந்தால் கவசம் உட்காராது. வீட்டில் கவசம் ஏது? அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தோம். பிடரிக்கு இறக்கிக் கட்டினால் பாத்திரம் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். “சமையல் முடிஞ்சாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பவுடரெல்லாம் கரைந்துபோனது.

நேர்காணல் அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். துறைமுக வாசலில் சோதனை. ஆண்களுக்கு ஒரு தடுப்பு, பெண்களுக்கு ஒரு தடுப்பு. ஆண்கள் பக்கம் நீண்ட வரிசை, அத்தனை பேரும் நேர்காணலுக்கு வந்தவர்கள். பெண்கள் பக்கம் ஒரே ஒரு காவலாளியம்மா, கையில் சோதனைக் கருவியோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தங்கம் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டாள். அவளுடைய முதுகு விறைப்பது எனக்குத் தெரிந்தது. வரிசையில் இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார்.

காவலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். மேலிருந்து கீழ் ஒருதரம். பிறகு, “அங்க என்ன நிக்கறீங்க, இந்தப் பக்கம் வாங்க” என்றார். சோதித்தார். சலிப்போடு சொன்னார்: “கம்மலக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கம்மா. உள்ள நகை போட்டுக்கிட்டு ஏற விடமாட்டாங்க. வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இதையே சொல்ல வேண்டியிருக்கு.”

தங்கம் கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். அவளுடைய கண் பளபளத்தது. அத்தனை வருடம் திருட்டுத்தனமாகக் கழற்றியவளை, இன்று ஒருத்தர் எல்லாப் பெண்களையும் அதட்டுவது போல அதட்டிக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

பேச்சு நடந்த அறைக்குள் நான் போகவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஆட்களை எடுக்கும் அதிகாரி ஒருவர், நடுவயதுப் பெண். இன்னொருவர் கிரேன்களுக்கெல்லாம் தலைமை ஆபரேட்டர், கறுத்து நரைத்த மனிதர். அவர் உரிமத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

“இது யாரு?”

“நான்தான் சார்.”

“மீசை இருக்கு?”

“இருந்துச்சு சார்.”

மற்ற அட்டைகளையும் எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “உரிம எண் ஒண்ணுதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதிகாரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, கழிப்பறை வசதி பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்துக் கேட்டார். “மேல ஏறிட்டா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே அளந்துதான் மேடம் குடிப்போம்” என்றாள் தங்கம். “எல்லா ஆபரேட்டரும் அப்படித்தான். சார்கிட்ட கேளுங்க.” தலைமை ஆபரேட்டர் முதல்முறையாகச் சிரித்தாராம். “அது வாஸ்தவம்” என்றாராம். அதற்குப் பிறகு காற்று, பாரம், பிரேக் என்று பேச்சு அவர்களுடைய ஊருக்குள் போய்விட்டது.

நான் வாசலுக்குப் பக்கத்தில் கம்பிவேலியோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம்தான் பயிற்சி முற்றம். நடுவில் ஒரு கிரேன். அதைச் சுற்றித் தரையில் கழிகளை நட்டு, வளைந்து வளைந்து போகும் ஒரு சந்து அமைத்திருந்தார்கள். கழிகளின் உச்சியில் லேசான மரச்சட்டங்கள், தொட்டால் விழும்படி. ஒரு பெரிய இரும்புக் குண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அந்தச் சந்து வழியாகச் சட்டம் விழாமல் கொண்டுபோய், கடைசியில் ஒரு டிரம்முக்குள் இறக்க வேண்டும். அவளுக்கு முன்னால் போன ஒருவர் வரிசையாகச் சட்டங்களைச் சாய்த்துக்கொண்டே போனார். இன்னொருவர் ஏணியின் பாதியிலேயே நின்று, யோசித்து, இறங்கிவிட்டார்.

பிறகு தங்கத்தை அழைத்து வந்தார்கள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் தலைமுதல் கால்வரை ஒரே உடுப்பு, அதன்மேல் மார்பிலும் தொடையிலும் இறுக்கிய பாதுகாப்பு வார், தலையில் கவசம். வாரம் முழுக்கப் பிரித்து, பிடித்து, தேய்த்து, சண்டைபோட்டு நாங்கள் தயார்செய்த சட்டையில் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வேலிப்பக்கமாக வந்தபோது, “எல்லாத்தையும் மூடிட்டாங்களே தங்கம்” என்றேன்.

“உள்ளதான இருக்கு அண்ணி. பொத்தான் குத்துது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏறத் தொடங்கினாள். நான் மனிதர்கள் ஏணி ஏறிப் பார்த்திருக்கிறேன். இது வேறு. அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. கை, கால், கை, கால் என்று இரும்போடு இரும்பாக மேலே போனாள். பாதுகாப்பு வாரின் கொக்கியை ஏணியில் மாட்டி, கழற்றி, மாட்டி. ஆரஞ்சு நிறம் சுருங்கிச் சுருங்கி ஒரு பொட்டாயிற்று. கூண்டுக் கதவு திறந்தது, மூடியது. இந்தப் பெண்ணோடு நான் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், சீப்புக்குச் சண்டை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவள் இப்படித்தான் போய்வந்திருக்கிறாள் என்பது தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது இன்னொன்று. கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. வெட்கப்பட்டுப் பிரித்துக்கொண்டேன்.

போன் அடித்தது. என் வீட்டுக்காரர். யாருடைய வீட்டிலோ குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

“என்ன ஆச்சு?” என்றார். “ஏறிட்டாளா?”

அவர் சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. “ஏறிட்டா” என்றேன். “அப்புறம் பேசறேன்.” அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. காதில் வைத்தபடியே பார்த்தேன்.

குண்டு தரையைவிட்டு எழுந்தது. நான் பயந்தது போல ஊசலாடவில்லை. யாரோ கையில் பிடித்துத் தூக்கிப் போவது போல நிதானமாக எழுந்து, சந்துக்குள் நுழைந்தது. வளைவில் திரும்பும்போது லேசாக ஆட ஆரம்பித்தது. உடனே மேலே இருக்கும் நீண்ட கை அந்த ஆட்டத்தின் பின்னாலேயே கொஞ்சம் நகர்ந்து, அழுகிற குழந்தையை அணைப்பது போல அதை நிறுத்தியது. முற்றத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாசலில் காதில் கிசுகிசுத்த ஆளும் அங்கே நின்றுகொண்டிருந்தார், வாயைத் திறந்தபடி. கடைசி வளைவில் ஒரு சட்டம் விழுந்தது. ஒரே ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குண்டு டிரம்முக்கு நேர்மேலே அசையாமல் நின்றது. பிறகு இறங்கியது. டிரம்மின் அடியில் இரும்பு இரும்பைத் தொடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. சங்கிலி தொய்ந்ததைப் பார்த்துத்தான் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தது.

தலைமை ஆபரேட்டர் வாக்கி டாக்கியில், “போதும், இறங்குங்க” என்றார். அது கரகரத்தது. அவளுடைய குரல், எங்கள் வீட்டு அடுப்படியில் நான் கேட்கும் அதே குரல், முற்றம் முழுக்கக் கேட்டது.

“சார், ரெண்டே நிமிஷம் இருந்துட்டு வரட்டுமா? இங்கிருந்து கடல் தெரியுது.”

அவர் அண்ணாந்து பார்த்தார். “இருங்க” என்றார்.

“இறங்கிட்டாளா?” என்றது என் காதிலிருந்த போன்.

“இல்ல” என்றேன். “கடல் பாத்துக்கிட்டு இருக்கா.”

அன்றே வேலை கொடுத்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வாரங்கள் போயின. நாங்கள் விரிப்பு மடித்துக்கொண்டே இருந்தோம். நம்பிக்கை கரைந்து, அதைப் பற்றிப் பேசுவதையே விட்ட பிறகுதான் அழைப்பு வந்தது. அதுவும் பெரிய கிரேனுக்கு இல்லை. முற்றத்துக்குள்ளேயே பெட்டி அடுக்கும் சின்ன கிரேன், தகுதிகாண் காலம் முடியும்வரை. ஆரம்பத்தில் சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்குமாம். இப்போதும் அவளோடு பேசாத இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நிற்கும் இடத்துக்கு மேலேதான் அவள் பெட்டியைத் திருப்புகிறாள். யாரும் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பயப்படுவதில்லை. தகுதிகாண் காலம் முடிந்ததும் பெரிய கிரேனுக்கு மாற்றினார்கள். கப்பலிலிருந்து இறக்கும் கிரேன்.

இப்போது அவள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தால் அந்த வாரத்தை நாங்கள் கனவு கண்டோமோ என்று இருக்கும். அலாரம் அடித்தும் எழுந்திருக்கமாட்டாள். நான் போர்வையை இழுத்தால்தான் எழுவாள். பாதிக்கண் மூடியபடி சட்டையை மாட்டி, பொத்தான்களைப் பேசிக்கொண்டே போடுவாள். ஒருநாள் எல்லாப் பொத்தானையும் ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் தாண்டிவிட்டாள். பவுடர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பூட்ஸின் நாடாவைப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் கட்டுவாள். பேருந்து முனை திரும்பும் சத்தம் கேட்டால் ஓட்டம். தெருவே பார்க்க, முதுகுப்பை குதிக்க, கொண்டை அவிழ, அந்த நீளக் காலை எட்டி எட்டிப் போட்டு ஓடுவாள். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் ஏறிவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். என் வேலைக்கு நேரமாகிவிடும். இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.